பருத்திப் பூவின் மஞ்சள்: பேராசிரியர் டி. ஆர். சேஷாத்ரியின் ஆராய்ச்சி வாழ்வு

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்கள் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. கம்போடியா இனத்துச் செடியில் காலையில் ஒரு பூ வெளிறிய வெண்மஞ்சளாக மலர்கிறது. பொழுது சாயும் வேளையில் அதன் இதழ்களில் இளஞ்சிவப்பு மெல்ல ஏறுகிறது. மறுநாள் பார்த்தால் அதே பூ சிவந்து சுருங்கியிருக்கும். பின்னர் உதிர்ந்து மண்ணோடு மண்ணாகும். நாட்டுப் பருத்தியிலோ பூ நல்ல மஞ்சள். இதழின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு.

இவற்றைக் காணாத விவசாயி இல்லை; ஆனால் இவற்றைக் கருதிப் பார்த்தவர் எத்தனை பேர்? பூவைக் கண்டதும் நம் மனம் காய்க்குப் போய்விடுகிறது. காயைக் கண்டதும் பஞ்சுக்கும், பஞ்சைக் கண்டதும் விலைக்கும் போய்விடுகிறது. பூ நமக்கு வருங்கால விளைச்சலைப் பற்றிய ஒரு சேதியேயன்றிச் சரக்கு அன்று. தராசில் ஏறாத பொருளுக்கு நம் கணக்கில் இடமில்லை.

அந்தப் பூவைக் கையில் எடுத்து, "இந்த மஞ்சள் எதனால் ஆயது?" என்று கேட்டு, அக்கேள்வியைப் பல்லாண்டுகள் விடாது பின்தொடர்ந்த பேராசிரியர் ஒருவரைப் பற்றி இம்மாதம் எழுத முற்படுகிறோம். காவிரிக் கரையில் பிறந்து, உலகப் புகழ்பெற்ற கரிம ரசாயன விற்பன்னராக விளங்கிய டி. ஆர். சேஷாத்ரி அவர்களே அவர்.

குளித்தலையிலிருந்து மாஞ்செஸ்டருக்கு

திருவேங்கட ராஜேந்திர சேஷாத்ரி 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி, அக்காலத்தில் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்த குளித்தலையில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். செல்வம் மிகுந்த குடும்பமன்று. கல்வியைச் செல்வமாகக் கருதிய குடும்பம். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப் படிப்பை முடித்து, 1917இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் பயிலச் சேர்ந்தார். சென்னையில் படித்த காலத்தில் ராமகிருஷ்ண மிஷனின் ஆதரவு அவருக்கு வாய்த்தது. எளிமையும் ஒழுங்கும் அவருடைய வாழ்வில் இறுதிவரை நிலைத்திருந்தமைக்கு இளமையில் பெற்ற அத்தொடர்பு துணைசெய்தது எனலாம்.

மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பி. பி. தே அவர்களிடம் ஆராய்ச்சியின் அரிச்சுவடியைக் கற்றார். பின்னர் 1927இல் இங்கிலாந்து சென்று மாஞ்செஸ்டர் சர்வகலாசாலையில் ராபர்ட் ராபின்ஸனிடம் மாணவராக அமர்ந்தார். தாவரப் பொருள்களின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 1947இல் நோபல் பரிசு பெற்ற ராபின்ஸன், அக்காலத்திலேயே மலர்களின் சிவப்பு, நீல நிறங்களை ஆராய்வதில் முன்னணியில் நின்றவர். 1929இல் டாக்டர் பட்டம் பெற்ற சேஷாத்ரி, அதனோடு மனநிறைவு கொண்டு கப்பலேறிவிடவில்லை. ஆஸ்திரியாவிலுள்ள கிராட்ஸ் நகரில் பிரிட்ஸ் பிரெகலிடம் சில காலம் பயிற்சி பெற்றார். எடின்பரோவில் ஜார்ஜ் பார்கரிடமும் பணியாற்றினார்.

பிரெகலிடம் பெற்ற பயிற்சி இன்னதென்று விளக்குவது அவசியம். ஒரு பொருளில் கரி எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் அதை எரித்து, எழும் வாயுக்களை நிறுத்துப் பார்க்க வேண்டும். பழைய முறையில் ஒரு சோதனைக்கே நூற்றைம்பது, இருநூறு மில்லிகிராம் சரக்கு எரிந்து போகும். பிரெகல் கண்ட நுண்முறையில் மூன்று, நான்கு மில்லிகிராமே போதும். பூவிதழ்களைக் கூடை கூடையாக வடித்தெடுத்தும் சிட்டிகையளவு படிகமே கிடைக்கும் துறையில் இது எத்துணை பெரிய உதவி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சிறிய கையிருப்பைக் கொண்டு பெரிய காரியத்தைச் செய்யும் வித்தை அது.

எதை ஆராய்வது?

1930இல் தாயகம் திரும்பிய சேஷாத்ரி, கோயம்புத்தூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சிறிது காலம் பணியாற்றினார். 1933இல் ஆந்திர சர்வகலாசாலை அவரை வால்டேருக்கு அழைத்து ரசாயனப் பகுதியின் பொறுப்பை ஒப்படைத்தது. அப்பொழுது அந்தச் சர்வகலாசாலை தோன்றி ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. துணைவேந்தராக இருந்தவர் ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அவர்கள்.

புதிய இடம், கருவிகள் குறைவு, பொருள் வசதியும் குறைவு. மேனாட்டு ஆராய்ச்சிக் கூடங்களோடு போட்டியிடத் தக்க துறை எது? இக்கேள்விக்குச் சேஷாத்ரி கண்ட விடை எளியது. இந்நாட்டில் விலையின்றிக் கிடைப்பதும், பிற நாட்டார்க்கு எளிதில் கிட்டாததுமான சரக்கு எது? நம் வயலிலும் வேலியிலும் காட்டிலும் வளரும் செடிகொடிகளே. வால்டேரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தென்னாட்டுப் பருத்தி நிலங்களிலும் உதிரும் பூக்களே.

பருத்திப் பூவை முதன்முதல் ரசாயனக் கண்கொண்டு பார்த்தவர் சேஷாத்ரி அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் நகரத்து ஏ. ஜி. பெர்க்கின் அதன் நிறப்பொருளைப் பிரித்து, காஸிப்பெட்டின் என்று பெயரிட்டிருந்தார். இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். 1856இல் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்து, நம் நாட்டு அவுரிக்கும் சாயவேருக்கும் ஏற்பட்ட வீழ்ச்சிக்கு வழி திறந்த வில்லியம் பெர்க்கினின் புதல்வரே அவர்! தந்தை இயற்கைச் சாயங்களைச் சந்தையிலிருந்து ஓட்டும் தொழிலைத் தொடங்கிவைத்தார். மகனோ அச்சாயங்களின் உள்ளமைப்பை அறிவதில் வாழ்நாளைச் செலவிட்டார்.

ஆயினும் பெர்க்கினுக்குக் கிடைத்தவை இந்தியாவிலிருந்து கப்பலில் சென்ற உலர்ந்த மாதிரிகள். செடி வளரும் நாட்டிலேயே, இனம் இனமாகப் பிரித்து, புதிய பூவைக் கொண்டு ஆராயும் வாய்ப்பு சேஷாத்ரிக்கே இருந்தது. அவரும் அவருடைய உடனுழைப்பாளர் கே. நீலகண்டமும் 1930களின் நடுவில் 'பருத்திப் பூக்களின் நிறப்பொருள்கள்' என்னும் தொடர்க் கட்டுரைகளை வெளியிடத் தொடங்கினர். அத்தொடரின் முதற்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? நம் விவசாயிகள் நன்கறிந்த கம்போடியாப் பருத்தியைப் பற்றியதே. அக்கட்டுரைகளை அவர்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பவில்லை; 1934இல் ஸர் ஸி. வி. ராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாதமியின் வெளியீட்டிலேயே பிரசுரித்தனர். நம்மவர் உழைப்பால் நம்மவர் பத்திரிகை உயர வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்து அறிஞர் பலரிடம் இருந்தது.

பூவிலிருந்து படிகம்

பூவின் நிறத்தை எவ்வாறு பிரித்தெடுக்கின்றனர்? சமையலறையில் கஷாயம் இறக்குவதை ஒத்ததே முதற்படி. இதழ்களைச் சாராயத்தில் இட்டுச் சூடாக்கினால் நிறம் அதில் இறங்கும். பலமுறை இவ்வாறு இறக்கிய சாற்றைச் சுண்டக் காய்ச்சி, மெழுகையும் கொழுப்பையும் வேறு திரவங்களால் நீக்கி, அசையாமல் வைத்துக் காத்திருக்க வேண்டும். நாட்கள் கழித்து, அதிருஷ்டமும் பொறுமையும் இருந்தால், மஞ்சள் நிறப் படிகங்கள் அடியில் தங்கும்.

அப்படிகத்திலும் நிறப்பொருள் தனித்து இருப்பதில்லை, சர்க்கரையோடு பிணைந்திருக்கிறது. நீர் கலந்த அமிலத்தில் கொதிக்கவைத்தால் பிணைப்பு அறும். சர்க்கரை ஒருபுறம், நிறப்பொருள் மறுபுறம் எனப் பிரியும். அதன்பின் அந்நிறப்பொருளின் எலும்புக்கூட்டை அறிவதே பெரிய வேலை.

அந்த எலும்புக்கூடு இத்தகையது: ஆறு கரியணுக்கள் கொண்ட வளையங்கள் இரண்டு, அவ்விரண்டையும் இணைக்கும் கரியணுக்கள் மூன்று, ஆகப் பதினைந்து. இதுவே பாவு என்று வைத்துக்கொள்வோம். பிராணவாயுவும் ஹைட்ரஜனும் சேர்ந்த 'ஹைட்ராக்ஸில்' என்னும் சிறு கூறுகள் இப்பாவின்மேல் சில குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்திருக்கின்றன. எத்தனை கூறுகள், எந்தெந்த இடங்களில் என்பதே பொருளின் குணத்தையும் நிறத்தின் ஆழத்தையும் தீர்மானிக்கின்றது.

நெசவாளர்க்கு இதை விளங்கவைப்பது கடினமன்று. ஒரே எண் நூல், ஒரே எண்ணிக்கையுள்ள இழைகள். ஆயினும் எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்பது மாறினால் புட்டா மாறிவிடுகிறதன்றோ? அதற்கு நேரான உதாரணம் பருத்திப் பூவிலேயே இருக்கிறது. காஸிபியம் ஹெர்பேஸியம் என்னும் பருத்தியினத்தின் பூவிலிருந்து சேஷாத்ரியும் நீலகண்டமும் ஹெர்பாஸெட்டின் என்ற புதிய பொருளைப் பிரித்தனர். நம் பக்கத்தில் 'உப்பம்' என்று வழங்கிய பருத்தி அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஹெர்பாஸெட்டினில் 15 கரியணு, 10 ஹைட்ரஜன் அணு, 7 பிராணவாயு அணு உள்ளன. வெங்காயத் தோலின் மஞ்சளான குவர்செட்டினிலும் அதே 15, அதே 10, அதே 7! நிறுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒரே ஒரு ஹைட்ராக்ஸில் கூறு ஒரு வளையத்திலிருந்து மற்றொரு வளையத்துக்கு இடம் மாறியிருப்பதால் இரண்டும் வெவ்வேறு பொருள்களாயின. இந்த இடமாற்றத்தைக் கண்ணால் காண இயலாது. சோதனைமேல் சோதனை செய்து, வாதத்தால் நிலைநாட்ட வேண்டும். அதுவே கரிம ரசாயனத்தின் கலை.

கொல்லையில் ஓர் ஏணி

பருத்தியோடு அவர் நிற்கவில்லை. தாவர நூலார் பருத்தியைச் சேர்க்கும் குடும்பத்தில் பூவரசும் உண்டு. புளிச்சைக் கீரையும் உண்டு. இவை யாவும் நம் கொல்லையிலும் வயல் வரப்பிலும் இருப்பவை. சேஷாத்ரியும் அவருடைய மாணவர்களும் இவற்றின் பூக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் முடிவுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

பூவரசம்பூவில் அவர்கள் கண்ட நிறப்பொருள் கேம்ப்பெரால். அதில் ஹைட்ராக்ஸில் கூறுகள் நான்கு. ஹெர்பாஸெட்டினில் ஐந்து. நாட்டுப் பருத்திப் பூவின் காஸிப்பெட்டினில் ஆறு. ஆந்திர மக்கள் கோங்குரா என்று விரும்பி உண்ணும் புளிச்சை இனத்தின் பூவிலிருந்து 1940களின் தொடக்கத்தில் பிரித்த ஹைபிஸெட்டினில் ஏழு. பாவு ஒன்றே, அதே பதினைந்து கரியணுக்கள். அதன்மேல் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு எனப் படிப்படியாகக் கூறுகள் ஏறுகின்றன. ஒரே குடும்பத்துச் செடிகளில் இயற்கை நிறுத்தி வைத்த ஏணி இது!

இதைக் கண்ட பேராசிரியரின் உள்ளத்தில் ஒரு கருத்து எழுந்தது. செடி ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே முதலிலிருந்து செய்வதில்லை. பொதுவான ஒரு சட்டத்தை முதலில் அமைத்துக்கொண்டு, பிறகு பிராணவாயுவை இடம் பார்த்து ஏற்றியும் இறக்கியும் பல நிறங்களைச் செய்கிறது என்பதே அது. ஒரே பாவை ஓட்டிக்கொண்டு ஊடையை மாற்றிப் பல சேலைகள் நெய்யும் தறிகாரரின் சிக்கனம்தான் இதுவும்.

கருத்தைச் சொன்னதோடு அவர் அமையவில்லை. செடி செய்வதைச் சோதனைக் குழாயில் செய்து காட்ட முடியுமா என்று பார்த்தார். காரக் கரைசலில் பொட்டாஸியம் பெர்ஸல்பேட் என்னும் உப்பைச் சேர்த்து, ஏற்கெனவே உள்ள ஒரு ஹைட்ராக்ஸில் கூறுக்கு நேர் எதிரிடத்தில் மற்றொன்றை ஏற்றும் வழியை அவரும் மாணவர்களும் இவ்வகைப் பொருள்களில் விரிவாகக் கையாண்டனர். ஏணியின் கீழ்ப்படியிலுள்ள பொருளிலிருந்து மேற்படிப் பொருளை அடையும் வழி இதனால் திறந்தது. செடிக்குள் என்ஸைம்கள் பிராணவாயுவைக் குறித்த இடங்களில் ஏற்றுகின்றன என்பது பிற்கால ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

குண்டு விழுந்த நாட்களில்

இத்தனையும் அமைதியான சூழ்நிலையில் நடந்தன என்று எண்ணிவிடலாகாது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின்மீது குண்டு வீசின. வால்டேரிலிருந்த சர்வகலாசாலை, தன் கட்டடங்களை விட்டுவிட்டுக் குண்டூருக்கு இடம் பெயர நேர்ந்தது. ஆராய்ச்சிக்கூடம் என்பது நாற்காலி மேஜையன்று, வண்டியிலேற்றி இறக்கிவிட்டு மறுநாளே வேலை தொடங்குவதற்கு. கண்ணாடிக் குழாய்கள், வடிகலங்கள், தராசுகள், ஆண்டுக்கணக்கில் சேர்த்த படிகங்கள் அடங்கிய சிறு புட்டிகள் யாவும் இடம் மாற வேண்டும். போரினால் வெளிநாட்டு மருந்துப் பொருள்களின் வரவும் குன்றியது.

மேலே நாம் சொன்ன ஏணியின் சில படிகள் இந்த நெருக்கடி ஆண்டுகளிலேயே எழுந்தன என்பதே நமக்கு வியப்பளிக்கிறது. அதற்கு ஒரு காரணம் வெளிப்படை. அவருடைய மூலப்பொருள் கப்பலில் வரவேண்டியதன்று. குண்டூரிலும் புளிச்சை பூக்கும். பூவரசு நிழல் தரும். பிறரை எதிர்பாராத துறையை அவர் தேர்ந்தெடுத்திருந்தமையின் பயன் இடுக்கண் வந்தபோது விளங்கிற்று.

புங்கமரத்தையும் இக்காலத்தில் அவர்கள் விடவில்லை. அதன் வேர், பூ, விதை ஆகியவற்றிலிருந்து பல பொருள்களைப் பிரித்தனர். அவற்றுள் ஒன்றுக்குக் 'கானுகின்' என்று பெயர். புங்கத்தைத் தெலுங்கர் 'கானுக' என்பர். ஊர் மக்களின் சொல்லே உலக ரசாயன அகராதியில் ஏறிவிட்டது! மேலும், குளங்களில் மீனை மயக்கப் பயன்படும் செடிகளையும், அவற்றின் பூச்சிகொல்லும் திறனையும் ஆராய்ந்தனர். செடியிலிருந்து கிடைப்பதாலேயே நஞ்சு தீங்கற்றதாகிவிடாது என்பதை இங்கே விவசாயிகளுக்கு நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். இவ்வகையில் பேர்போன ரோட்டெனோன் என்னும் பொருளின் பயனைப் பல நாடுகள் பிற்காலத்தில் கட்டுப்படுத்தின.

தில்லியில்

1949இல் சேஷாத்ரி தில்லி சர்வகலாசாலைக்குச் சென்று ரசாயனப் பகுதியின் தலைமையை ஏற்றார். 1965இல் ஓய்வு பெறும்வரை அங்கே பணிபுரிந்ததோடு, அதன்பின்னும் கௌரவப் பேராசிரியராக ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். நம் பெண்டிர் மசாலாவில் சேர்க்கும் கல்பாசி உள்ளிட்ட பாசியினங்களின் ரசாயனமும், செஞ்சந்தனக் கட்டையின் சிவப்பும் அவர்களுடைய ஆராய்ச்சியில் இடம்பெற்றன. 1960இல் லண்டன் ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தது. 1963இல் இந்திய அரசாங்கம் பத்ம பூஷண் விருது அளித்தது. 1967இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸின் தலைவராக விளங்கினார். 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி காலமானார்.

அவர் வெளியிட்ட கட்டுரைகள் பல நூறு. அவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் பயின்றவர் நூற்றுக்கு மேற்பட்டவர். வால்டேரிலும் தில்லியிலும் பயின்ற அம்மாணவர்கள் நாட்டின் பல சர்வகலாசாலைகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் சென்றனர். விருதுகளினும் இதையே பெரிதாக நாம் கருதுகிறோம். விதைநெல்லை உண்ணாமல் வைத்திருந்து ஊருக்குப் பகிர்ந்தளித்தவனைப் போன்றவன் நல்லாசிரியன்.

நமக்கென்ன பயன்?

இவ்வளவும் படித்த அங்கத்தினர் ஒருவர், "நல்லது, ஆனால் பருத்திப் பூவை மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குவார் யாரேனும் வந்தாரா?" என்று கேட்பாராயின், அக்கேள்வியை நாம் தள்ளிவிட மாட்டோம். உண்மையைச் சொல்கிறோம்: அவ்வாறு சந்தை எதுவும் எழவில்லை. பருத்திப் பூவின் ரசாயனத்தால் எந்த விவசாயியின் கடனும் தீரவில்லை. செயற்கைச் சாயங்கள் மலிவாகவும் உறுதியாகவும் கிடைக்கும்பொழுது பூவின் மஞ்சளைத் தேடுவோர் யார்?

ஆயினும் பயனை ரூபாயால் மட்டும் அளந்துவிட முடியாது என்பதற்கு நெசவாளரின் சாயத்தொட்டியே சான்று. இயற்கைச் சாயம் தோய்த்த துணிக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் மீண்டும் கேள்வி எழுந்திருக்கிறது. வெங்காயத் தோல், சாமந்திப்பூ, மாதுளை ஓடு என்று பலவற்றைக் காய்ச்சுகின்றனர். நூலுக்குக் கடுக்காய் நீரும் படிகாரமும் முதலில் ஏற்ற வேண்டும் என்பது பரம்பரை அறிவு. அது ஏன் என்பதற்கு விடை, நாம் மேலே கண்ட எலும்புக்கூட்டில் இருக்கிறது.

பருத்தி நூல் இந்த மஞ்சளைத் தானாகப் பற்றுவதில்லை. படிகாரத்திலுள்ள அலுமினியமே இடைநின்று இரண்டையும் பிணைக்கிறது. மஞ்சள் பொருளின் சட்டத்தில் ஓர் இடத்தில் பிராணவாயு தனித்து நிற்க, அதற்கு அடுத்தாற்போல் ஹைட்ராக்ஸில் கூறு ஒன்று அமர்ந்திருக்கிறது. இவ்விரண்டும் ஒரு நண்டின் இரு கொடுக்குகளைப் போல அலுமினியத்தைக் கவ்விக்கொள்கின்றன. கடுக்காயின் துவர்ப்பு அந்த அலுமினியத்தை நூலில் தங்கவைக்க உதவுகிறது. இடத்தை அறிவது வீண் வேலையன்று என்பது இப்போது புலப்படும். கொடுக்குகள் இருக்குமிடம் தெரிந்தால் சாயம் ஏறும் காரணம் தெரியும்.

வெளுக்கும் காரணமும் அங்கேயே இருக்கிறது. பதினைந்து கரியணுச் சட்டத்தில் மூன்றாம் இடம் என்று குறிக்கப்பெறுவதில் ஹைட்ராக்ஸில் கூறு உள்ள மஞ்சள்கள் வெயிலில் எளிதில் சிதைகின்றன. அவ்விடத்தில் கூறு இல்லாத மஞ்சள்கள் அவற்றைவிட நெடுநாள் தாங்குகின்றன. வெங்காயத் தோலின் குவர்செட்டினும் பருத்திப் பூவின் காஸிப்பெட்டினும் முதல் வகையைச் சேர்ந்தவை. ஆகையால் 'இயற்கைச் சாயம்' என்ற பெயரை மட்டும் நம்பி, 'ஒருநாளும் வெளுக்காது' என்று வாங்குவோருக்கு வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. வாக்குத் தவறினால் இழப்பு ஒரு சேலைக்கு அன்று, சங்கத்தின் பெயருக்கு.

இதைச் சோதிக்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. தோய்த்து உலர்த்திய சிட்டத்திலிருந்து சில இழைகளை எடுத்து ஓர் அட்டையில் நெருக்கமாகச் சுற்றுங்கள். பாதியை மற்றோர் அட்டையால் ஒளி புகாமல் மூடிக் கட்டி, வெயில் படும் இடத்தில் வையுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் திறந்து, மூடிய பாதியையும் மூடாத பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டையின் பின்புறம் சாயப்பொருள், படிகாரத்தின் அளவு, காய்ச்சிய நேரம், தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். இத்தகைய அட்டைகள் ஐம்பது சேர்ந்தால் அதுவே நம் சங்கத்தின் ஆராய்ச்சி ஏடு ஆகும்.

விவசாயிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உப்பமும் கருங்கண்ணியும் ஒரு காலத்தில் நம் கரிசல் பூமியை மஞ்சளாக்கின. பிறகு கம்போடியாவும், அதன் வழிவந்த இனங்களும், 2002க்குப் பின் மரபணு மாற்றிய பருத்தியும் பரவின. நாட்டுப் பருத்தியின் பரப்பு மிகவும் சுருங்கிவிட்டது. ஓர் இனம் வயலிலிருந்து மறையும்பொழுது அதன் பஞ்சு மட்டும் மறைவதில்லை. அதன் பூவும், பூவிலிருந்த பொருளும் சேர்ந்தே மறைகின்றன. அப்பருத்திகள் வயலில் நிறைந்திருந்த காலத்தில், அவற்றின் பூவில் இருப்பது இன்னதென்று ஒருவர் எழுதி வைத்தார். அதனால்தான் இன்று எந்த இனத்தின் பூ எந்தப் பொருளைத் தருகிறது என்று ஏடு புரட்டிப் பார்க்க முடிகிறது. காஸிப்பெட்டினோடு சர்க்கரை சேர்ந்த காஸிப்பின் என்னும் பொருளின் மருத்துவ குணங்களைப் பிற்காலத்தார் ஆராயப் புகுந்தபோது, அதன் அமைப்பை அவர்கள் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. சேஷாத்ரி குழுவினர் அதை முன்பே வரையறுத்து வைத்திருந்தனர்.

பெயரும் அமைப்பும் தெரியாத பொருளுக்கு யாரும் விலை கூற முடியாது. அதன் நற்குணத்துக்கோ தீக்குணத்துக்கோ பொறுப்பேற்கவும் முடியாது. உதிர்ந்து போகும் பூவுக்குப் பெயரும் அமைப்பும் கண்டு கொடுத்தார் குளித்தலைப் பள்ளி ஆசிரியரின் மகன். அந்த அறிவை அவர் எவருக்கும் விற்கவில்லை. யாவரும் படிக்க அச்சிட்டு வைத்துச் சென்றார். அடுத்த பருவத்தில் செடி பூக்கும்போது, அங்கத்தினர்கள் ஒரு கணம் காயை மறந்து பூவைப் பார்க்க வேண்டுகிறோம். கொல்லைப் பூவரசிலும் புளிச்சைப் பாத்தியிலும் அந்த ஏணியின் மற்றப் படிகள் இருக்கின்றன. பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டுவோமாக.